பாளையங்கோட்டை மாடி வீட்டில் ஆர்கிட்: சட்டியா, கட்டையா?

கேட்டவர் பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருக்கிறார். ஆர்கிட் வகையில் இரண்டு டென்ட்ரோபியமும் ஒரு ஃபெலனாப்சிஸும் வாங்கியிருக்கிறார். சட்டியிலேயே விடுவதா, மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடுவதா, வாசலில் நிற்கும் வேம்பில் கட்டினால் பிழைக்குமா என்பது கேள்வி.

சட்டியில் வையுங்கள். வேம்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படிச் சொன்னதுமே யாராவது வந்து, ‘ஆர்கிட் மரத்தில் வாழும் செடி, அதைச் சட்டியில் போடுவது பாவம்’ என்பார். மரத்தில் வாழும் செடிதான், யார் இல்லை என்றது? அதன் வேரைச் சுற்றி வெள்ளையாக ஒரு உறை இருக்கும். நனைந்தால் நீரை இழுத்துக்கொண்டு பச்சையாகும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். அந்த வேருக்குக் காற்று வேண்டும். அதனால்தான் ரோஜாவுக்குப் போடுவதுபோல செம்மண்ணும் சாணமும் போட்டால் அழுகிப்போகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த மரம் நிற்கிற காட்டில் காற்றே ஈரமாக இருக்கிறது. உங்கள் மாடியில் அப்படியா? நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி கேரளாவில் எடுத்தவை. பின்னால் பாருங்கள், சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும். நம் வீட்டுச் சுவரில் பாசி பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு இதில் கொஞ்சம் சூடு உண்டு. காரணம் என் மதினி.

மதினி இலஞ்சியில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அண்ணன் கொச்சியிலிருந்து ஊதா டென்ட்ரோபியம் ஒரு பெரிய தூராகக் கொண்டுவந்தான். அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். மதினி தன் பாதியைக் கொல்லையில் நிற்கும் சப்போட்டா மரத்தில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். நான் மண்சட்டியில் கரியும் கதம்பையும் (தேங்காய் மட்டை) போட்டு வைத்தேன். அவர் மரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. என்னுடையதும் பூத்தது, கொஞ்சம் குறைவாக. அதோடு விட்டிருக்கலாம். ‘ஏட்டி, நீ அதைச் சட்டியில வச்சு மூச்சு முட்ட வைக்க. கட்டையில கட்டிப் பாரு’ என்று சொல்லி, தேக்குத் துண்டு ஒன்றில் தன் செடியிலிருந்து ஒரு கன்றைக் கட்டி, வைகாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடியில் தொங்கவிட்டுப் போனார்.

ஆனி பிறந்தது. காற்றும் பிறந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இலஞ்சியிலும் குற்றாலத்திலும் சாரலைக் கொட்டுகிறது. அதே காற்று பாளையங்கோட்டைக்கு வரும்போது வெறுங்கையோடு வருகிறது. கயத்தாறுப் பக்கம் காற்றாலை சுற்ற அது போதும், என் செடிக்குப் போதாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கட்டையோடு வாளியில் கால் மணி நேரம் முக்கி எடுப்பேன். சாயந்திரம் வந்ததும் மறுபடி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பார்த்தேன்: எட்டு மணிக்கு நனைத்த வேர் ஒன்பதரைக்குச் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே சட்டியில் இருந்த செடியின் கதம்பை மறுநாள் காலையிலும் ஈரமாக இருந்தது. ஆடி நடுவில் கட்டைச் செடியின் தண்டெல்லாம் சுருங்கி வரிவரியாகிவிட்டது.

மதியம் ஒரு தடவை நனைக்க ஆள் இருந்தால் தாக்குப்பிடித்திருக்கும். எங்கள் அத்தை வீட்டில்தான் இருக்கிறார், பிச்சிக்கும் துளசிக்கும் அவர்தான் தண்ணீர் ஊற்றுவார். இதைச் சொன்னால், ‘வேரு அந்தரத்துல தொங்குது, எங்ஙன ஊத்த?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுபது தாண்டியவரிடம் வாளியைத் தூக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை.

பிறகு அந்தக் கட்டையைச் செடியோடு அப்படியே ஒரு பெரிய சட்டிக்குள் நிறுத்தி, சுற்றிலும் கரித்துண்டைப் போட்டேன். புதிதாக வந்த வேர் கரிக்குள் இறங்கியது, கார்த்திகையில் பூவும் வந்தது. மதினிக்குப் போட்டோ அனுப்பினேன். ‘நீ சரியா தண்ணி ஊத்தலை’ என்று பதில் வந்தது. இன்றுவரை எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ‘இவ கையில ஆர்கிட் தங்காது’ என்கிறார். இலஞ்சிச் சாரலில் மொட்டைக் கம்பை நட்டாலும் துளிர்க்கும் என்று நான் அங்கே சொல்வதில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

விசேஷம் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முந்தின நாளே போய்விட வேண்டும், மறுவீடு முடிந்துதான் திரும்ப வேண்டும். ‘மாடு கறக்கணும்’ என்றால் விட்டுவிடுவார்கள். ‘செடிக்குத் தண்ணி ஊத்தணும்’ என்றால் சிரிப்பார்கள். போன வருஷம் அப்படிச் சிரித்த வீட்டில் மணமேடை முழுக்க டென்ட்ரோபியம், தாய்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வருமே, அந்த ஊதாப் பூ. அதன் முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் நான் வீட்டில் வளர்க்கிறேன் என்று சொன்னதற்கு, ‘இது பிளாஸ்டிக் இல்லையா?’ என்று கேட்டார் மாப்பிள்ளையின் சித்தப்பா. மத்தியானப் பந்தி முடிவதற்குள் அவ்வளவு பூவும் எச்சில் இலையோடு குப்பை வண்டியில் ஏறிவிட்டது.

சரி, செடிக்கு வருவோம்.

கட்டையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அந்த வாரம் செடியைப் பற்றி நினைக்க நேரமில்லை. பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, ஈரத்தைப் பிடித்துவைக்கிற ஸ்பாக்னம் பாசியில் வைத்திருந்த ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்து அழுகியிருந்தது. கரிச்சட்டி டென்ட்ரோபியம் பிழைத்திருந்தது. கம்பியில் வெறும் வேரோடு தொங்கிய வாண்டா என்ற இன்னொரு வகை ஆர்கிட் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. விடாத மழையில் கட்டையோ கம்பியோதான் பாதுகாப்பு, தண்ணீர் நிற்க இடமில்லை. ஆனால் நம் ஊரில் அப்படி மழை பெய்கிற மாதம் வருஷத்தில் எத்தனை? ஐப்பசி, கார்த்திகை, விட்டால் மார்கழி. மிச்ச மாதத்துக்கு எது ஒத்துவருமோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் ‘எது இயற்கை’ என்று கேட்பதைவிட ‘பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்’ என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை நனைக்க ஆள் இருந்து, தரையையும் நனைத்து, மேற்கே காற்றை மறைத்து வலை கட்ட முடியுமென்றால் கட்டையில் தாராளமாகக் கட்டலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடென்றால் சட்டிதான். நீங்கள் இரண்டாம் வகை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், தவறென்றால் மன்னிக்கவும்.

சட்டி என்றால் பூச்செடிக்கு விற்கிற, அடியில் ஒற்றை ஓட்டை உள்ள சட்டி இல்லை. பக்கவாட்டிலும் ஓட்டை வேண்டும். காருகுறிச்சிப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் சொன்னால் சுடுவதற்கு முன்பே ஓட்டை போட்டுத் தருவார்கள். அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு, மேலே நெல்லிக்காய் அளவு அடுப்புக்கரி, இடையிடையே கதம்பைத் துண்டு. கதம்பையைச் சும்மா வெட்டிப் போடாதீர்கள். சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, சிவப்புச் சாயம் இறங்குவது நின்ற பிறகு போடுங்கள், உப்பும் துவர்ப்பும் போய்விடும். தேங்காய்நார்த் தூள் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கும். சட்டி பெரிதாக இருந்தால் செடி பெரிதாகும் என்பதும் இங்கே நடக்காது, வேர் நெருக்கமாக அடங்குகிற அளவு போதும்.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை. போர் தண்ணீர் என்றால் கொஞ்ச நாளில் கரியிலும் சட்டி விளிம்பிலும் வெள்ளையாக உப்புப் படியும், வேர் நுனி கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சட்டி வழியாகத் தாராளமாக ஓடவிடுங்கள். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) போதும், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. அதற்கு மேல் போடச் சொல்கிறவர்கள் உரம் விற்கிறவர்களாக இருப்பார்கள்.

உங்கள் ஃபெலனாப்சிஸைக் கட்டையில் கட்டும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். டென்ட்ரோபியத்துக்குத் தண்டில் நீர் இருப்பு உண்டு, நாலு நாள் பட்டினி தாங்கும். ஃபெலனாப்சிஸுக்கு இலையும் வேரும்தான். நிழலும் கூடுதலாக வேண்டும்: டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை என்றால் இதற்கு 75 சதவீதம். கடையில் வரும்போது வேரைச் சுற்றிப் பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். பூ முடிந்ததும் அதைப் பிரித்தெடுத்து, கரியும் கதம்பையும் உள்ள சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

கட்டையில் கட்டியே தீருவேன் என்றால் வாண்டா வகை ஒன்று வாங்குங்கள். வாண்டா டெசலாட்டா என்ற நம் நாட்டு வகை வறண்ட காட்டு மரங்களில் தானாக வளர்வது, தடித்த இலை, தடித்த வேர். ஆனால் நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள். குற்றாலச் சீசன் நேரத்தில் மலையிலிருந்து பிய்த்துக்கொண்டுவந்து ‘மரத்துல ஒட்டினா போதும்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் இலையைப் பறிப்பதே குற்றம். அகத்தியமலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத ட்ரூரி செருப்பு ஆர்கிட் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே அழியும் நிலைக்குப் போனது. அது மரத்தில் அல்ல, தரையில் வளர்வது. எல்லா ஆர்கிட்டும் மரத்துச் செடி என்று சொல்கிறவர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது வேம்பு. பட்டை சொரசொரப்பானது, வேர் நன்றாகப் பிடிக்கும், அதில் குறை இல்லை. ஆனால் மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிடும், வெயில் ஏறத் தொடங்குகிற அதே நேரத்தில். நிழலில் பழகிய செடி ஒரே வாரத்தில் கருகும். கொய்யாவும் ஆகாது, பட்டை உரியும்போது வேரும் சேர்ந்து உரிந்துவிடும். மாவும் சப்போட்டாவும் நல்லவை. பக்கத்து வீட்டில் மா இருந்து, அவர்களும் சம்மதித்தால், ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு, செடியில் பச்சை நுனியோடு புது வேர் கிளம்புகிற நேரம் பார்த்து, கிழக்குப் பக்கக் கிளையில் கட்டுங்கள். சட்டியில் வளர்ந்த பழைய வேர் மரத்தைப் பிடிக்காது, புது வேர்தான் பிடிக்கும். வாழைநாரால் கட்டாதீர்கள், வேர் பிடிப்பதற்குள் நார் மட்கிவிடும். தூண்டில் நரம்போ துணிக் கிழிசலோ போதும். ஒரு டென்ட்ரோபியத்தை மட்டும் அப்படிக் கட்டுங்கள், இன்னொன்று சட்டியிலேயே இருக்கட்டும்.