வாப்பாவின் ராத்திபும் காக்காவின் கோபமும்

கேள்வி: எங்கள் வாப்பா (அப்பா) வியாழன் மாலை தவறாமல் ராத்திபு மஜ்லிஸுக்கு, அதாவது கூடி உட்கார்ந்து இறைவனைப் புகழ்ந்து ஓதும் சபைக்கு, போகிறவர். வளைகுடாவில் வேலை பார்க்கும் காக்கா (அண்ணன்) விடுப்பில் வந்திருக்கிறார். தர்கா, ராத்திபு எல்லாம் ஷிர்க் (இறைவனுக்கு இணைவைப்பது) என்று சொல்லி, வாப்பா கொண்டுவந்த நேர்ச்சைச் சோற்றைத் தொட மறுத்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் ஒரே சஹனில் (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) உட்காருவதில்லை. நான் இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன். “சட்டதிட்டமெல்லாம் வெறும் ஓடு, ஞானம்தான் உள்ளே இருக்கும் பருப்பு, ஞானிகளைக் கொன்றதே உங்களைப் போன்ற மதவாதிகள்தான்” என்று காக்காவிடம் சொன்னேன். சண்டை பெரிதாகிவிட்டது. நான் சொன்னது சரிதானே?
பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தம்பி, பாதி சரி. அந்தப் பாதியையும் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம்.

ஷிர்க்கா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. நீங்கள் காக்காவின்மீது வீசிய வரலாற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஞானிகளைக் கொன்றார்கள் என்றதும் உங்கள் மனத்தில் சூஃபி ஞானி ஹல்லாஜ்தான் இருந்திருப்பார். 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டவர். ‘அனல் ஹக்’, நானே மெய், என்று சொன்னதற்காகக் கொன்றார்கள் என்பதுதான் ஊரறிந்த கதை. விசாரணையில் அவரைச் சிக்கவைத்தது வேறொன்று. ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர் வீட்டிலேயே ஓரிடத்தைத் தூய்மையாக ஒதுக்கி, அதை வலம்வந்து, அநாதைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னதாகக் காட்டப்பட்ட எழுத்து அது. காழியிடம் (மார்க்க நீதிபதியிடம்) தீர்ப்பை எழுதி வாங்க அவசரப்பட்டவர் வஸீர் (அமைச்சர்) ஹாமித். வரிக் குத்தகையில் கொழுத்தவர், தானிய விலையேற்றத்தால் ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தவர். அந்தக் கொலையில் மார்க்கம் எவ்வளவு, அரண்மனைக் கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை.

அடுத்து, உங்கள் வீட்டில் மவ்லிது (புகழ்ப்பாடல்) ஓதப்படும் முஹியித்தீன் ஆண்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானிதான் அவர்; ஹன்பலி மத்ஹபை (சட்டப் பிரிவை) சேர்ந்த சட்ட அறிஞர், பாக்தாதில் மதரஸா நடத்தியவர். காக்கா அடிக்கடி மேற்கோள் காட்டக்கூடிய இப்னு தைமிய்யாவும் அதே ஹன்பலி மத்ஹபுதான். அவர் ஜீலானியின் உரைகளில் சிலவற்றுக்கு விளக்கமும் எழுதியிருக்கிறார். கப்ருகளை (அடக்கத்தலங்களை) நாடிப் பயணம் போவதை எதிர்த்து அவர் கொடுத்த ஃபத்வாவுக்காக 1326இல் அவரை டமாஸ்கஸ் கோட்டையில் அடைத்தார்கள். அடைக்கச் சொன்னவர்கள் காழிகள், அடைத்தது சுல்தானின் அரசு. கடைசியில் மையையும் காகிதத்தையும்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். 1328இல் சிறையிலேயே இறந்தார். அடக்கம் செய்த இடம் டமாஸ்கஸில் சூஃபிகளின் அடக்கத்தலம். இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் நிறுவனம் எது, தனித்து நின்றவர் யார்? தர்காவுக்குப் போகாதே என்றவரைத்தான் அன்றைய நிறுவனம் உள்ளே போட்டது.

ஓடு, பருப்பு என்று பிரித்தீர்களே, சட்டமும் ஞானமும் கற்ற கஸ்ஸாலியை அப்படி உடைத்துப் பார்க்க முடியுமா? பாக்தாத் நிஸாமிய்யா மதரஸாவில் பெரிய ஆசிரியராக இருந்தவருக்கு 1095இல் பாடம் நடத்த உட்கார்ந்தால் நாக்கு எழவில்லை. சோறு இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டார்கள். பதவியை உதறிவிட்டு டமாஸ்கஸ், ஜெரூசலம் என்று அலைந்து ஞானவழியைத் தேடினார். தேடியது கிடைத்தபின் சட்டத்தைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. 1106இல் நிஷாபூர் நிஸாமிய்யாவில் மறுபடியும் பாடம் சொல்லப் போனார்.

இது முஸ்லிம்கள் வீட்டுச் சண்டை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினில் சிலுவையின் யோவான் என்ற கிறித்தவ ஞானியை 1577இல் பிடித்து டொலேடோவில் அடைத்தவர்கள் அவருடைய சொந்தக் கார்மேல் சபைத் துறவிகள். ஒடுக்கமான அறை, அடி, பட்டினி. அங்கே இருந்துகொண்டு கவிதை எழுதினார். ஒன்பது மாதம் கழித்துத் துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்பினார். 1726இல் அதே திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. யூதர்களில் ஹசிதுகள் என்ற பக்தி இயக்கத்தாரை 1772இல் வில்னாவின் ரபிகள் விலக்கிவைத்தார்கள். பிற்பாடு ஹசிதுகளிடமே தந்தைக்குப் பின் மகன் என்று வாரிசு குருமார்கள் வந்துவிட்டார்கள்.

உங்கள் வாப்பாவின் ராத்திபிலும் ஒரு ஷைகு (ஞானகுரு) உண்டு, ஓதும் வரிசை உண்டு, யார் எங்கே உட்காருவது என்ற ஒழுங்கு உண்டு. அதுவும் ஒரு நிறுவனம்தான் தம்பி. அந்தக் கட்டுக்கோப்பு இல்லையென்றால் ராத்திபு உங்கள் வாப்பா காலம்வரை வந்து சேர்ந்திருக்காது. உங்கள் மாவட்டத்துக்காரர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) மனோன்மணியையும் பராபரத்தையும் பாடியவர், துறவி. சைவப் புலவர் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவரும் கீழக்கரையில் ஓதிப் படித்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனார்.

காக்காவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சில தர்காக்களில் உண்டியல் சண்டையும் தாயத்து வியாபாரமும் நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதை அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். வாப்பா வியாழன் இரவு கண்ணை மூடிக்கொண்டு திக்ரு (இறைநினைவு) செய்வது அதுவல்ல என்பதையும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் அவர் செய்த தவறு. காக்காவையும் ஹாமித் வஸீரையும் ஒரே மூட்டையில் கட்டியது நீங்கள் செய்த தவறு.

வரும் வியாழன் வாப்பாவோடு போய் உட்காருங்கள். இத்தனை படித்திருக்கிறீர்கள், ராத்திபில் ஓதுவதற்குப் பொருள் என்ன என்று அவரிடம் ஒருநாளாவது கேட்டீர்களா? நேர்ச்சைச் சோறு வந்தால் காக்காவை வற்புறுத்த வேண்டாம். அது அவர் மனம் ஒப்பாத விஷயம். வீட்டில் சமைத்த சோற்றுக்கு அந்தத் தடை இல்லையே! வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உம்மாவிடம் சொல்லி ஒரே சஹனில் மூவருக்கும் வைக்கச் சொல்லுங்கள். காக்காவுக்கு இன்னும் எத்தனை நாள் விடுப்பு இருக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.