சுல்தானின் கடிதம் பாரிஸில் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு படிக்கிறேன். துருக்கி–பிரான்ஸ் உறவின் தொடக்க காலம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். வெனிஸ், ஸ்பெயின் ஆவணங்களையும் பார்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. இரண்டு பேருக்கு நடுவே நடந்ததை மூன்றாம் ஆள் சொல்லி எப்படி நம்புவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வழிகாட்டி சொன்னதுதான் சரி. அதற்கு முன், எது வெளிநாட்டு ஆவணம் என்று பார்ப்போம்.

1525இல் பாவியா போரில் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா, ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையிடம் பிடிபட்டார். பிரான்சுவாவின் தாய் லூயிஸ், துருக்கிய (ஒட்டோமான்) சுல்தான் சுலைமானிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். முதலில் போன தூதர் பொஸ்னியாவில் கொல்லப்பட்டார். அடுத்துப் போன பிரான்ஜிபானி இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். 1526இல் சுலைமான் கொடுத்தனுப்பிய பதில் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கடிதம் பெற்றவர் வீட்டில்தானே இருக்கும்? ஒரு துருக்கிய ஆய்வாளருக்குத் தன் சுல்தானின் கடிதமே வெளிநாட்டு ஆவணம்தான்.

அந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். வெண்கடல் (மத்தியதரைக் கடல்), கருங்கடல், ருமேலி (பால்கன் பகுதி), அனடோலியா, டமாஸ்கஸ், மெக்கா, மதீனா என்று தான் ஆளும் இடங்களை அடுக்கிக்கொண்டே போகிறார் சுல்தான். அப்புறம்தான் ‘பிரான்ஸ் நாட்டு அரசன் பிரான்செஸ்கோவாகிய நீ’ என்று வருகிறது. பிரான்சுவா இல்லை, பிரான்செஸ்கோ. இத்தாலிய வடிவம். அரசர்கள் தோற்பதும் சிறைப்படுவதும் புதிதல்ல, மனம் தளராதே என்கிறார். இரவும் பகலும் எங்கள் குதிரைக்குச் சேணம் பூட்டியிருக்கிறது, வாள் இடுப்பில் இருக்கிறது என்கிறார். ஆனால் படை எப்போது வரும் என்று ஒரு வார்த்தை இல்லை. மீதியைத் தூதரிடம் கேட்டுக்கொள் என்று முடிகிறது கடிதம். அந்த மீதிதான் நமக்கு வேண்டியது. அது வாய்மொழியாகவே போய்விட்டது.

இந்த இடத்தில்தான் மூன்றாம் ஆள் தேவைப்படுகிறார். கூட்டாளிகள் எழுதாமல் விட்டதை, அவர்களைக் கண்டு பயந்தவர்கள் எழுதி வைத்தார்கள். இஸ்தான்புல்லில் இருந்த வெனிஸ் தூதரை ‘பைலோ’ என்பார்கள். அங்கே யார் வருகிறார், யாரைப் பார்க்கிறார் என்று ஊருக்கு எழுதிக்கொண்டே இருப்பது அவர் வேலை. திரும்பி வந்ததும் செனட்டில் விரிவான அறிக்கையும் தர வேண்டும். ஸ்பெயினின் சிமன்காஸ் கோட்டையில் சார்லஸ் தரப்பின் தாள்கள் இருக்கின்றன. பிரான்சுவாவுக்காகச் சுலைமானிடம் தூது போய்வந்த ரின்கோனை 1541இல் இத்தாலியின் போ நதியில் வைத்துக் கொன்றது அந்தத் தரப்பின் ஆட்கள்தான். அந்த அளவுக்குக் கண்காணித்தார்கள்.

அப்படியே நம்பச் சொல்லவில்லை. கிறிஸ்தவ மன்னன் துருக்கியரோடு சேர்ந்துவிட்டான் என்று ஐரோப்பா முழுக்கச் சொல்வது சார்லஸுக்கு லாபம். வெனிஸுக்கோ தன் வியாபாரம் கைவிட்டுப் போகுமோ என்ற கவலை. இருவரும் ஊதிப் பெருக்கியிருப்பார்கள். ஆனால் ஒரு தரப்பை மட்டும் நம்புவது இதைவிட ஆபத்து. பிரான்சுக்கும் சுல்தானுக்கும் இடையே ஏற்பட்டதாகச் சொல்லப்படும் 1536 வணிக ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரெஞ்சு வாசகம் கிடைக்கிறது, சுல்தான் உறுதிசெய்த பிரதி கிடைக்கவில்லை. பேச்சு நடத்திய சுல்தானின் தலைமை அமைச்சர் இப்ராஹிம் பாஷா அதே ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். 1569இல் வந்ததுதான் உறுதியான முதல் ஒப்பந்தம் என்பது இன்று பல ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனாலும் 1536 புத்தகம் புத்தகமாக ஏறிவிட்டது.

ஒரே சம்பவத்தில் தொடங்குங்கள். 1543–44 குளிர்காலத்தில் சுல்தானின் கடற்படைத் தளபதி பார்பரோசாவின் கப்பல்கள் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில் தங்கியதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தாளிலும் யார், யாருக்கு, என்றைக்கு எழுதினார், நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைகளை அதற்கப்புறம் தொடுங்கள்.