உக்ரைனின் 43-ஆவது பீரங்கி பிரிகேட் 17-ஆம் நூற்றாண்டு கோசாக் (உக்ரைன் புல்வெளிப் போர்வீரர் சமூகம்) தலைவர் தாராஸ் திரியாசிலோவின் பெயரில் இருக்கிறதே, அவ்வளவு பழைய படையா?

இல்லை, நம் காலத்துப் படைதான். 2014-இல் கிழக்கு உக்ரைனில் போர் மூண்ட பிறகு அமைத்தது. முகாம் இருப்பது கீவ் வட்டாரத்து பெரேயாஸ்லாவ் நகரின் பக்கம், திவிச்கி கிராமத்தில். பெயருக்குக் காரணமும் அந்த வட்டாரம்தான். 1630-இல் திரியாசிலோ தலைமையில் கிளர்ந்த கோசாக்குகள் போலந்துத் தளபதி கோனியெட்ஸ்போல்ஸ்கியின் படையோடு மோதியது பெரேயாஸ்லாவில்தான்.

சோவியத் காலத்திலிருந்து வந்த பிரிவுகள் பலவற்றுக்கு ‘செங்கொடி’ மாதிரி பட்டங்கள் இருந்தன. 2015-இல் உக்ரைன் அவற்றை எடுத்துவிட்டு, அப்புறம் தன் வரலாற்றிலிருந்து பெயர்களைச் சூட்ட ஆரம்பித்தது. அந்தப் பழைய படைகளோடு நேரடி வாரிசுத் தொடர்ச்சி கிடையாது என்றாலும், இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெர்திச்சிவில் உள்ள 26-ஆவது பிரிகேட்டுக்கு ரோமன் தாஷ்கேவிச்சின் பெயர். அவர் 1918-இல் சுதந்திர உக்ரைனுக்காகப் பீரங்கிப் படை நடத்தியவர். (அவர் மனைவி ஒலேனா ஸ்டெபானிவும் முதல் உலகப் போரில் அதிகாரியாகக் களத்தில் நின்றவர்.) எல்லாவற்றிலும் பொருத்தமான பெயர் இதுதான் என்பேன்.

43-இன் வம்சாவளியை அதன் ஆயுதத்தில் தேடினால் கதை இன்னும் சுவையானது. அதன் அடையாளமே பியோன்தான்: லெனின்கிராட் கிரோவ் ஆலையில் தயாரான 203 மி.மீ. பீரங்கி. ஒரு குண்டு 110 கிலோ. சாதாரணக் குண்டே 37 கி.மீ. தாண்டிப் போகும். டாங்க் போல மூடிய கூண்டு கிடையாது. சங்கிலிப் பட்டை வண்டியின் பின்பக்கம், திறந்தவெளியில் நின்றுதான் வீரர்கள் குண்டேற்ற வேண்டும். வெடிக்கும்போது எழும் காற்றதிர்ச்சி ஆளையே அடித்துப்போடும் என்பதால், சுடுவதற்கு முன் ஒரு சைரன் அலறும், எல்லோரும் விலகிக்கொள்வார்கள்.

பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த இவற்றை 2014-க்குப் பிறகுதான் பழுதுபார்த்து வெளியே கொண்டுவந்தார்கள். 2022-இல் கீவ் நகரைக் காத்ததில் இந்த பிரிகேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு ஜெர்மானிய பான்சர்ஹவுபிட்ஸ 2000 பீரங்கிகளும் இவர்கள் கைக்கு வந்தன.

சோவியத் 203 மி.மீ. குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா தன் பழைய எம்110 பீரங்கிகளுக்காகச் செய்த குண்டுகளை அனுப்பியது. குழாய் விட்டம் ஒன்றேதான். நேட்டோவை எதிர்த்துச் சுடவென்று செய்த பியோனில் இப்போது அமெரிக்கக் குண்டை ஏற்றி, ரஷ்யப் படை மீது சுடுகிறார்கள்.