ஆவணிக் கல்யாணத்துக்கு எந்தப் பாய்?

அன்புள்ள ஐயா,

ஆவணியில் என் மகளுக்குத் திருமணம். மணவறையில் கோரைப்பாய் விரிக்க ஆசை. இந்தியாவிலிருந்து பத்தமடைப் பாய் வரவழைத்தால்தான் முறை என்கிறார் என் பெரியப்பா. கடையில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் பாய். டர்பன் சந்தையில் ஜூலு இனத்து அம்மாக்கள் புல்பாய் விற்கிறார்கள். அதை விரிக்கலாமா? சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்களோ?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக விரிக்கலாம். பெரியப்பா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு வேலை.

பத்தமடைப் பாயின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைக்கூட அதிலேயே நெய்து தருவார்கள். ஆனால் அங்கே அந்தப் பாய் பிறந்ததற்குக் காரணம் ஆற்றங்கரையில் கோரை வளர்ந்தது. சாஸ்திரம் ஊர்ப்பெயர் எதையும் குறிப்பிடவில்லை. நம் ஆற்றங்கரையில் எது வளர்கிறது என்று பார்ப்போமே.

டர்பனுக்கு வடக்கே செயின்ட் லூசியா கழிமுகத்தின் உப்புச் சதுப்பில் இன்செமா என்ற நாணல் வளர்கிறது. இப்போது அது இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். நினைத்தபோதெல்லாம் அறுக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில், அனுமதியோடு பெண்கள் அரிவாளுடன் சேற்றில் இறங்குகிறார்கள். தண்டை மட்டும் அறுத்துக் கிழங்கை விட்டுவிடுவதால் மறுபடி தழைக்கிறது. கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்துவந்து காயவைத்து, தண்டு தண்டாக அடுக்கி நூலால் பிணைத்துப் பாயாக்குகிறார்கள். பத்தமடை போலப் பட்டாக மடியாது. தடிப்பாக, உருண்டு திரண்டிருக்கும். உட்கார அதுவே சுகம்.

பெரியப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஜூலு கல்யாணத்தில் உமாபோ என்று ஒரு சடங்கு உண்டு. மணப்பெண் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயும் போர்வையும் சீராகக் கொடுப்பாள். கல்யாணப் பாய் என்று கேட்டுப் பாருங்கள், பாய் விற்கும் அந்த அம்மா இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய நம் ஆட்களுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வழக்கம் இருந்தும், இத்தனை நாள் நாம் கண்டுகொள்ளாதது எனக்கு ஆச்சரியம்தான்.

விருந்தினர் உட்கார இக்வானே பாய் போதும். அது சதுப்பு நிலக் கோரையில் முடைவது, நம் கோரையின் இனமேதான். கொஞ்சம் முரடு, விலையும் குறைவு.

சீர்வரிசைத் தட்டுக்கு இலாலா கூடைகளையும் பாருங்கள். இலாலா நம் பனைக்கு நெருங்கிய உறவு. விசிறி இலை, கள்ளும் இறக்குகிறார்கள். நாம் குருத்தோலையில் பெட்டி முடைவதுபோலவே அவர்களும் விரியாத குருத்தைத்தான் எடுக்கிறார்கள். புல்லை உள்ளே வைத்து ஓலையைச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். ஹ்லாபிசா ஊர்ப் பக்கத்துக் கூடைகளுக்குப் பெயர் அதிகம். நனைந்ததும் ஓலை ஊதி இடுக்கெல்லாம் அடைபடுவதால் பீர் ஊற்றிவைக்கவும் தனியாகக் கூடை உண்டு. நீங்கள் வெற்றிலைபாக்கு வையுங்கள், போதும்!

ஒரு எச்சரிக்கை. டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். ஈரத்தோடு சுருட்டாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் தண்டு உடையும். சந்தையில் வாங்கும்போது நூலையும் பாருங்கள். நைலான் போட்டுக் கட்டியதும் வரும். பருத்தி நூல் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அறுவடை மே மாதம் என்பதால் ஜூனிலேயே மணவறை அளவைக் கொடுத்துவிடுங்கள். இருவர் உட்காரும் பாய் என்று மட்டும் சொல்லாமல், பட்டுப்புடவையோடு உட்கார என்று சொல்லி அகலத்தைக் கூட்டிக் கேளுங்கள்.