பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் வீட்டில் குழந்தைக்கு வாந்தி: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: நிலக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டை ஒட்டி மல்லிகைத் தோட்டம். வாரம் தவறாமல் பவர் ஸ்பிரேயரில் மருந்து அடிக்கிறார்கள். சாரல் எங்கள் கிணற்றடி வரை வருகிறது. போன மாதம் 6 வயது மகளுக்கு வாந்தி, மயக்கம். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். தோட்டக்காரரிடம் கேட்டால், "என் நிலம், நான் அடிப்பேன்" என்கிறார். போலீஸும் புகாரை வாங்கவில்லை.

பதில்: சகோதரி, முதலில் குழந்தையைப் பாருங்கள். மறுபடி மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பலரும் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தை நம்பி வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, தன் சாகுபடி நிலத்தில் தானே மருந்து பயன்படுத்துபவருக்கு விலக்கு தருகிறது. மருந்தை விற்ற கடை தவறு செய்திருந்தால் அங்கே புகார் தரலாம்; தோட்டக்காரரை அதை வைத்துப் பிடிக்க முடியாது.

அதற்காக "என் நிலம்" என்ற பேச்சு எடுபடாது. விஷப்பொருளை அடுத்தவர் உடம்புக்குக் கேடு வரும்படி அஜாக்கிரதையாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 286-ஆவது பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது அவர் சிறைக்குப் போவதல்ல, சாரல் நிற்பது. அதனால் நான் முதலில் கோட்டாட்சியரிடம்தான் போகச் சொல்வேன். பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 152-ஆவது பிரிவில், பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடான செயலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ அவர் உத்தரவிடலாம். ஒரே வீட்டின் மனுவை இரண்டு குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். காற்று வீட்டுப் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது, முதல் நாளே சொல்ல வேண்டும், வீட்டை ஒட்டிய வரிசைகளில் பவர் ஸ்பிரேயர் கூடாது என்று குறிப்பாகக் கேளுங்கள். பூ விவசாயமே கூடாது என்று கேட்டால் மனு நிற்காது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டாலும் இதே கோரிக்கைகள்தான்.

எங்கே போனாலும் கையில் காகிதம் வேண்டும். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியும், விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால் அதன் நகலும் வாங்குங்கள். மருந்து அடித்த தேதி, நேரம், காற்றின் திசை, யாருக்கு என்ன செய்தது என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். வரப்பில் காலி பாட்டில் கிடந்தால் தொடாமல் லேபிளைப் போட்டோ எடுங்கள். அதில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய விஷம் என்று அர்த்தம். மனுவில் அதைத் தவறாமல் எழுதுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்தால் போதாது, பூச்சிமருந்து எச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், முகத்தில் துணிகூடக் கட்டாமல் ஸ்பிரேயரைப் பிடிக்கும் கூலியாளுக்கு உங்களைவிட ஆபத்து அதிகம். அவரிடமும் பேசிப் பாருங்கள். சாட்சி சொல்ல முன்வரலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.