மனசு காலியாக மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

கேள்வி: அக்கா, என் கணவருக்கு 51 வயது. சிறுநீரகம் இரண்டும் போய், ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மனசு உடையாமல் இருக்கட்டும் என்று மகள் என் போனில் ஒரு தியான ஆப் போட்டுக் கொடுத்தாள். ‘மனதைக் காலியாக்குங்கள்’ என்கிறது அதில் ஒரு குரல். கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் அழுகைதான் வருகிறது. இன்னும் ஒரு வாய் தண்ணீர் கேட்டு அவர் கெஞ்சுவதும், நான் பேய் மாதிரி மறுப்பதும்தான் உள்ளே ஓடுகிறது. இதுகூட எனக்கு வராதா? பங்குக் கோயிலில் ஒரு அக்கா, தியானமெல்லாம் நம்ம வழி இல்லை என்கிறார். அம்மாவின் செபமாலை பையிலேயே கிடக்கிறது, அதை எடுக்கவும் மனசில்லை. இந்த ஆப்பை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஒன்றரை வருடமாக அழக்கூட நேரம் இல்லாமல் ஓடியிருக்கிறீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்ததும் அழுகைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது, வந்துவிட்டது. வரட்டுமே. அழுதால் தியானம் கெட்டுப்போகும் என்று எந்தப் பெரியவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

‘மனதைக் காலியாக்குங்கள்’ என்ற பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டவுன் பஸ்ஸைக் காலியாக ஓட்டச் சொல்வது மாதிரி. இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் தியான வகுப்புகளுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜான் கபட்-ஜின். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு அலைந்தவர்கள்தான் நிறைய வந்தார்கள். எண்ணமே வராது என்று அவர்களுக்கு அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கவனம் ஓடும், ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பக் கூட்டி வரவேண்டும். மறுபடி ஓடும், மறுபடி கூட்டி வரவேண்டும். பாடமே அதுதான். அந்தக் கணக்கில் நீங்கள் தினமும் பாடம் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

பங்கு அக்காவோடு சண்டைக்குப் போக வேண்டாம். தவக்காலம் வந்தால் கோயில் சுவரில் ‘மூன்று நாள் தியானம்’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அது யார் வழி என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். அப்புறம், உங்கள் பையில் கிடக்கும் அந்த 53 மணி? அதுவும் தியானக் கருவிதான். லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். செபமாலையின் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை லத்தீனில் சொல்லச் செய்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 20 வரை. மூச்சு அப்படி நிதானப்பட்டபோது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோடு சேர்ந்து ஒரு தாளத்துக்கு வந்தன. 23 பேர் என்பது சின்னக் கூட்டம், அதுவும் நோயில்லாதவர்கள். அதனால் இதைப் பெரிய மருந்தாக்கி நான் விற்க மாட்டேன். ஆனால் பாதியை ஒருவர் சொல்ல மீதியை மற்றவர்கள் சொல்லும் அந்த முறையிலேயே மூச்சுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அடுத்தவர் சொல்லும்போது மூச்சு உள்ளே போகிறது, நாம் சொல்லும்போது வெளியே வருகிறது.

பெஞ்சில் நீங்கள் தனி ஆள். ஆகவே முதல் பாதிக்கு ஒரு மூச்சு, அடுத்த பாதிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூட வேண்டாம். வாய்க்குள் முணுமுணுத்தால் போதும். 53 மணியும் வேண்டாம், ஒரே ஒரு பத்து. நிதானமாகச் சொன்னால் நாலைந்து நிமிடம் ஆகும். மூன்றாவது மணியில் ஆஸ்பத்திரிச் செலவு ஞாபகம் வரும். வரட்டும், விரல் நாலாவது மணிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஒவ்வொரு மணியிலும் ‘அவரைக் குணமாக்கு’ என்று விண்ணப்பம் வைக்காதீர்கள், களைத்துப் போவீர்கள். அதற்குக் கடைசியில் ஒரு வரி போதும்.

இன்னொன்று கவனித்தீர்களா? செவ்வாயும் வெள்ளியும், செபமாலையில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் துயர மறைபொருளுக்கான நாட்கள். அதில் முதலாவது, பிடிபடுவதற்கு முன் இயேசு செபித்த கெத்சமனித் தோட்டம். அந்த இரவில் இயேசு சீடர்களிடம் கேட்டது, தன்னோடு விழித்திருக்க வேண்டும் என்பதுதான். அதைக்கூடச் செய்ய முடியாமல் அவர்கள் தூங்கிப்போனார்கள். நான் கோயில் பிள்ளை அல்ல, உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. ஆனால் மிஷின் ஓடும் நாலு மணி நேரமும் கதவுக்கு வெளியே ஒருத்தி விழித்திருக்கிறாள் என்று படித்தபோது எனக்கு அந்தத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். அவருக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இணைப்பு, போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதன் மேல் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அதைத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். தெரியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. நாம் பெரும்பாலும் ‘இருக்கு’ என்று ஒரு நொடியில் கையை எடுத்துவிடுவோம். நாளைக் காலையில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். காபிக்கு முன்னால், இருவரும் எதுவும் பேசாமல். விரல் நுனியில் வருவது அவருடைய ரத்தம் ஓடுகிற ஓட்டம். நோயாளி, ரிப்போர்ட், பொட்டாசியம் எல்லாவற்றுக்கும் முன்னால் கல்யாணம் செய்துகொண்ட ஆள் அங்கே இருக்கிறார்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒரு வாயை மறுப்பதால் நீங்கள் பேய் ஆகிவிடவில்லை. கூடுதலாகக் குடித்த தண்ணீர் உடம்பில் தங்கி நுரையீரலில் ஏறினால் மூச்சுத் திணறும் என்று பார்த்தவருக்குத்தான் மறுக்கத் தெரியும். டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். காவல்காரி வேலை பாட்டிலுக்குப் போகட்டும். டாக்டர் சரி என்றால், நாக்கு வறளும்போது ஒரு சின்ன ஐஸ் கட்டி. அதையும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கரையும் வரை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். செய்வதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

செபமாலையால் ஆகாத காரியமும் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நீங்கள் வீட்டில் இல்லை போலிருக்கிறது. கொழுந்தனோ நாத்தனாரோ, யாராவது இருப்பார்கள். ‘முடிந்தால் வாங்க’ என்று இழுக்காதீர்கள்; ‘இந்த மாதம் இரண்டாவது வெள்ளி நீங்கள் போங்கள்’ என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். அன்று தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, அல்லது செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் செபத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். 14416-க்குப் போன் போட்டாலும் சரி. டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, காசு இல்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

ஆப்பை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அது மாதச் சந்தா பிடிக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.