வாங்கும் முன்: முகம் தெரியாத கேமரா

கேள்வி: கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த என் பைக் போய்விட்டது. வாசல் கேமராவில் ஆள் தெரிகிறான், முகம் மசமசவென்று இருக்கிறது. 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ். மாட்டிக் கொடுத்தவர் 8 மெகாபிக்சலுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
- மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: மாற்றாதீர்கள். பைக் நின்ற இடம் கேமராவிலிருந்து எத்தனை அடி என்று அவர் டேப் பிடித்துப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். எனக்குத் தீராத கோபம் இதில்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மெகாபிக்சலை மட்டும் சொல்லி விற்கிறார்கள். லென்ஸைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, படத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநெறி ஐ.இ.சி. 62676-4-இன் 2014 பதிப்பு. உங்கள் கேமரா படத்தின் அகலம் 1,920 பிக்சல். வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டர் அகலத்துக்குத்தான் காணும். 2.8 லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. பத்தடி தூரத்திலேயே அந்த அகலம் வந்துவிடும். அதற்கப்பால் வெறும் ஆள் உருவம்தான். அதே லென்ஸோடு 8 மெகாபிக்சல் போட்டால் இருபது அடி சொச்சம். குறுகிய இடத்தைப் பெரிதாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சலோ இருபத்தைந்து அடி வரை முகம் காட்டும், விலையும் குறைவு. இருக்கிற கேமரா தெருவைப் பார்க்கட்டும். 6 மி.மீ. ஒன்று வாங்கி, பைக் நிறுத்தும் இடத்தை நோக்கி எட்டடி உயரத்தில் மாட்டுங்கள்.

உயரத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் 5 மெகாபிக்சல் வாங்கி, மாடிக் கைப்பிடிச் சுவரில் பதினான்கு அடியில் மாட்டினோம். தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போனவன் தலையில் கட்டியிருந்த துண்டின் கட்டங்களை எண்ணலாம். முகம் ஒரு நொடிகூட இல்லை. மோட்டார் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கேள்வி: ராத்திரியானால் படம் முழுக்க வெள்ளைப் புகை. கேமரா போய்விட்டதா?
- கும்பகோணம் வாசகி

பதில்: சிலந்தி வலையாக இருக்கும். இருட்டில் பார்க்கக் கேமரா விடும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) ஒளி வலையில் பட்டு லென்ஸுக்கே திரும்புகிறது. ஒட்டடைக் குச்சியை எடுங்கள்.

கேள்வி: திருட்டுப் பயத்துக்கு டம்மி கேமரா மாட்டினால் போதாதா?
- ஆவடி வாசகர்

பதில்: போதாது. அந்தக் காசுக்கு வாசலில் ஒரு எல்.இ.டி. விளக்கு போடுங்கள்.

கேள்வி: '4கே' என்று எழுதியிருந்த வைஃபை கேமராவை நடைபாதைக் கடையில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. பில் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. யாரிடம் கேட்பது?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: யாரிடமும் கேட்க முடியாது, தம்பி. பில் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? சிசிடிவி கேமராவுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். 2025 ஏப்ரல் 9 முதல் இணையப் பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. பெயரே இல்லாத பெட்டியைப் படுக்கையறைக்குள் வைத்து வைஃபை கொடுக்க எப்படி மனம் வந்தது?

கேள்வி: தனியாக இருக்கிறேன். 4 கேமரா போட்டவர், 1 டி.பி. டிஸ்கில் முப்பது நாள் பதிவு நிற்கும் என்று பில்லிலேயே எழுதித் தந்தார். பதினோரு நாளில் அழிந்துவிடுகிறது. கேட்டால், "உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்கிறார். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கிறது.
- ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது சரி. ஒரு கேமராவின் பதிவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும் நாளுக்கு 21.6 ஜி.பி. ஆகும், நான்குக்கும் 86. 1 டி.பி. பதினோரு நாளில் நிரம்பத்தான் செய்யும். முப்பது நாளுக்கு 3 டி.பி. வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதிருக்காது.

பெரிய டிஸ்கும் பாஸ்வேர்டும் கேட்டு, பதினைந்து நாள் கெடு வைத்துப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். அந்த பில்லை இன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.